டார்க் ரூமுக்குள் வெளிச்சம் போட்ட மரக்கட்டை

1. பெண் மட்டும் புகைக்குள்ளே

கல்யாண ஆல்பத்தை அந்தப் பெரியவர் மேசையில் போட்ட சத்தத்தில், உள்ளே பிரிண்ட் உலர்த்திக்கொண்டிருந்த நான் வெளியே ஓடி வந்தேன். கூடலூர்க்காரர், திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர். ஆவணி முதல் முகூர்த்தத்தில் மகளைக் கட்டிக்கொடுத்தார். கம்பத்தில் எங்கள் ஸ்டுடியோதான் படம் எடுத்தது.

"ஏப்பா, மாப்பிள்ளை மட்டும் பளிச்சுன்னு நிக்கிறாரு. எம் மக என்ன பேயா? புகைக்குள்ள நிக்கிறா. சம்பந்தி வீட்டுக்காரக பாத்துட்டு என்ன சொன்னாக தெரியுமா? பொண்ணுக்கு ஏதோ கோளாறு இருக்குன்னு சொன்னாக!"

முதலாளி ஞானமுத்து எழுந்து நின்றுவிட்டார். போடியில் துணி வியாபாரம் பார்த்த குடும்பம், வாடிக்கையாளரிடம் குரலை உயர்த்தத் தெரியாத மனுசன். "ஐயா, கோவிச்சுக்கிடாதீக. பொண்ணையும் மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வாங்க. ஸ்டுடியோவுல வச்சு மறுபடியும் அருமையா எடுத்துத் தந்துர்றேன்" என்றார்.

"தாலி கட்டுனதை மறுபடியும் எடுப்பீகளா?"

பெரியவர் ஆல்பத்தை எடுத்துக்கொள்ளாமலே போய்விட்டார்.

நான் புரட்டிப் பார்த்தேன். ஆரம்பத்துப் படங்கள் நன்றாக இருந்தன. போகப் போக, படத்தின் ஒரே ஓரத்தில் வெள்ளையாக ஒரு மூட்டம். எங்கள் தொழிலில் அதை 'ஃபாக்' என்போம். பிலிமில் எங்கோ வெளிச்சம் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். பெண் நின்றது அந்த ஓரம். நானும் பிரிண்ட் போடும்போது எவ்வளவோ சமாளித்துப் பார்த்தேன், போகவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் ஒரு குளுகுளுப்பு. ஏனென்றால் அந்தக் கல்யாணத்தைப் படம் எடுத்தவன் அருளப்பன்.

2. முந்திக்கொள்கிறவன்

என் பெயர் கூடலிங்கம். ஊர் கோம்பை. இது எழுபதுகளில் நடந்தது. மதுரையில் ஒரு ஸ்டுடியோவில் தொழில் பழகிவிட்டு வந்து, ஞானமுத்து முதலாளியிடம் சேர்ந்தேன். ஸ்டுடியோவுக்குள் நாற்காலி போட்டு எடுக்கிற படமும், டார்க் ரூமும் என் பொறுப்பு. டார்க் ரூம் என்றால் பிலிம் கழுவுகிற, பிரிண்ட் போடுகிற இருட்டு அறை. அதன் சாவி என் அரைஞாண் கயிற்றில்தான் கிடக்கும். முதலாளியே உள்ளே வரவேண்டுமென்றால் கதவைத் தட்டித்தான் வருவார்.

அருளப்பன் வந்தது சித்திரையில். பக்கத்தில் கிறிஸ்தவர்கள் இருக்கிற வேதக்காரக் கிராமத்துப் பையன், தகப்பனார் பள்ளிக்கூட வாத்தியார். வெளி வேலைக்கு, அதாவது கல்யாணம் காதுகுத்துக்கு, ஆள் வேண்டும் என்று முதலாளி எடுத்தார். பார்க்க லட்சணமாக இருப்பான். வாயைத் திறந்தால் தேன். நான் நாள் முழுக்கச் 'சிரிங்க, சிரிங்க' என்று கெஞ்சினாலும் சிரிக்காத கிழவிகள், இவன் கேமராவைத் தூக்கினாலே பொக்கை வாயைத் திறந்துவிடுவார்கள்.

சகிக்கவில்லை எனக்கு. அதைவிட அவன் எதிலும் முந்திக்கொள்வதுதான் தாங்காது. முதலாளி ஒன்று கேட்பார். பதில் என் தொண்டை வரைக்கும் வந்திருக்கும், அதற்குள் அவன் சொல்லிவிடுவான். டீ வந்தால் அவன் கைதான் முதலில் நீளும். அது முதலாளிக்கு எடுத்துக் கொடுக்கத்தான் நீளும் என்பது இன்னும் எரிச்சல். "தங்கமான பிள்ளை" என்பார் முதலாளி. வருசக்கணக்காக உழைத்த என்னை அவர் பித்தளை என்றுகூடச் சொன்னதில்லை.

அந்த நேரம் தேனியில் ஒரு பிராஞ்ச் திறக்கப் போவதாக முதலாளி பேச்செடுத்திருந்தார். பொறுப்புக்கு ஒரு ஆள் போகவேண்டும். அது நான்தான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். என் வீட்டுக்காரி தேனியில் எந்தத் தெருவில் வீடு பார்ப்பது என்பது வரைக்கும் பேசியாயிற்று. அருளப்பன் வந்ததிலிருந்து முதலாளி அந்தப் பேச்சை என் முன்னால் எடுப்பதில்லை. எனக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அதனால்தான் ஆல்பம் திரும்பி வந்ததும் நான் தைரியமாகச் சொன்னேன். "மொதலாளி, அருளப்பன் கேமராவுல எங்கனயோ லைட் லீக் இருக்கு. நான் ஸ்டுடியோவுல எடுக்கிற படத்துல ஒரு பொட்டு ஃபாக் உண்டா? பாருங்க."

அது நிஜம். என் படமெல்லாம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

அருளப்பன் கோபப்படவில்லை. "டெஸ்ட் பண்ணிருவோம்ணே" என்றான். புது ரோல் ஒன்றைக் கேமராவில் மாட்டி, ஒரு படமும் எடுக்காமல், வெயிலில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்துவிட்டு வந்தான். அந்த ரோலை நானே கழுவினேன். கேமரா ஓட்டையென்றால் பிலிமில் கறுப்பு விழவேண்டும். கண்ணாடி மாதிரி சுத்தமாக வந்தது.

முதலாளி நெகட்டிவை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கேமரா நல்லா இருக்கு. அப்ப கோளாறு உன் ரூம்லதானப்பா?"

"என் ரூம்ல ஒரு ஊசி வெளிச்சம் வராது மொதலாளி!"

"அடுத்த முகூர்த்தத்துக்கு அருளப்பனும் உன்கூட உள்ள இருக்கட்டும். அன்னைக்கும் இப்பிடி வந்துச்சுன்னா சாவியை அவன்ட்ட குடுத்துரு."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னார். தேனி போகட்டும், சாவியே போகப்போகிறது.

3. நான் வேலை செய்கிற விதம்

இங்கே என் தொழில்முறையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். பேப்பரில் பிரிண்ட் போட சிவப்பு பல்பு எரியலாம். பிலிம் கழுவும்போது அதுவும் கூடாது, முழு இருட்டு. அந்த இருட்டில் நான் கண்ணை மூடிக்கொள்வேன். மதுரையில் எனக்குத் தொழில் காட்டினவர்கள் அப்படித்தான் செய்தார்கள். திறந்து வைத்திருந்தால் கண் எதையாவது தேடிக்கொண்டே இருக்கும், கை தடுமாறும். மூடிவிட்டால் கை பாட்டுக்குத் தன் வேலையைப் பார்க்கும். பல்பை அணைத்ததும் மூடின கண்ணை, மறுபடி பல்பைப் போடும்போதுதான் திறப்பேன்.

இன்னொன்று. பிலிம் ரோல் ஒரு காகிதத்தோடு சுற்றியிருக்கும். அதை உரிக்கும்போது கை காய்ந்திருக்க வேண்டும், ஈரக்கை பட்டால் பிலிமில் கறை. ஆகவே கல்யாண ரோல்கள் ஐந்தாறு வந்தால், காய்ந்த கையோடு எல்லாவற்றையும் முதலிலேயே உரித்து, சுருளாக வரிசையாக வைத்துவிடுவேன். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து டெவலப்பர் மருந்து ஊற்றிய ட்ரேயில் மேலும் கீழும் ஆட்டிக் கழுவுவேன். ஒரு ரோல் முடிந்தால் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்தது. கடைசி ரோலின் முறை வர நெடுநேரம் ஆகும். ஸ்டுடியோவில் நான் எடுக்கிற படம் ஒன்றிரண்டு ரோல்தான். உரித்ததும் ட்ரேக்குப் போய்விடும்.

சுருள்களை வைக்க வாகான இடம் எதுவும் இல்லாமல் இருந்தது. ஆடி மாதம் ஒரு குமுளி ஜீப் டிரைவர், சக்கரம் உருளாமல் இருக்க அண்டை கொடுத்த மரக்கட்டையைக் கடை வாசலில் விட்டுவிட்டுப் போனான். வட்டமாக அறுத்த காட்டுக்கட்டை, முழங்கால் உயரம். அதைத் தூக்கிக்கொண்டு வந்து ட்ரே பக்கத்தில் போட்டேன். கச்சிதமாக இருந்தது. கட்டை ஈரம், டார்க் ரூமும் எப்போதும் தண்ணீர் சொட்டுகிற இடம். ஈரம் பிலிமில் ஏறக்கூடாது என்று, அந்தக் காலத்துக் கண்ணாடித் தகட்டு நெகட்டிவ் ஒன்றைப் படம் போகச் சுரண்டிக் கழுவிக் கட்டைமேல் வைத்தேன். எம்புட்டுப் புத்திசாலி நான்!

4. காவலுக்கு வந்தவன்

அடுத்த முகூர்த்தம் வந்தது. மேற்கே மலையிலிருந்து சாரல் அடித்துக்கொண்டிருந்த நாள். அருளப்பன் மதியமே ஆறு ரோலோடு வந்துவிட்டான். நனைந்த சட்டையை மாற்றிக்கொண்டு, "உள்ள போவோமாண்ணே?" என்றான், என்னவோ விருந்துக்குக் கூப்பிடுவதுபோல.

கதவைச் சாத்தினேன். பல்பை அணைத்தேன். கண்ணை மூடினேன். ஆறையும் உரித்துக் கட்டைமேல் வைத்தேன். அருளப்பன் மூலையில் தரையில் உட்கார்ந்திருந்தான். என் ரூமில், என்னைக் காவல் காக்க ஒருத்தன்! முதல் ரோலை ட்ரேயில் ஆட்டிக் கழுவி முடித்துக் கையைத் துடைத்தேன்.

இரண்டாவது ரோல் ஆடிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டான்.

"அண்ணே."

"என்ன?"

"உங்களுக்குப் பக்கத்துல பச்சையா ஏதோ தெரியுது."

"சும்மா கெட. இருட்டுல உக்காந்தா கண்ணு முன்னால பூச்சி பறக்கத்தான் செய்யும்."

அந்த வாய் சும்மா கிடக்குமா?

"இல்லண்ணே, சத்தியமாத் தெரியுது. வட்டமா இருக்கு. அதுமேல கறுப்பா நாலு வளையம் உக்காந்திருக்கு."

நாலு வளையம். கட்டைமேல் மிச்சம் இருந்த ரோலும் நாலு.

கண்ணைத் திறந்தேன். ஆத்தாடி! கட்டையின் தலை முழுக்க வெளிச்சம். வாழைக்குருத்தை நிலா வெளிச்சத்தில் பார்த்தால் ஒரு நிறம் இருக்குமே, அந்த நிறம். நடுவில் கெட்டியாக, ஓரத்தில் நரம்பு நரம்பாக. பட்டை உரிந்த இடமெல்லாம் அதே பச்சை. அதன்மேல் கண்ணாடி, கண்ணாடிமேல் என் பிலிம். ஈரத்துக்குப் பயந்து நான் வைத்த கண்ணாடி, அந்த வெளிச்சத்தைத் தாராளமாக மேலே விட்டுக்கொண்டிருந்தது. சுருளின் கீழ் ஓரம் மட்டும் அதைக் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஆடியிலிருந்து கூடவே இருந்திருக்கிறேன், ஒரு நாள் கண்ணைத் திறந்து பார்க்கவில்லை.

ரசிக்க நேரமில்லை. என் இரண்டு கையும் டெவலப்பரில்.

"ஏலே, உன் கை காஞ்சிருக்கா?"

"காஞ்சிருக்குண்ணே."

"அந்த நாலு சுருளையும் ஓரத்தைப் பிடிச்சுத் தூக்கு. பிலிம் முகத்துல விரல் படக்கூடாது. உன் தலைக்கு நேரா பலகையில தகர டப்பா இருக்கு. உள்ள போட்டு மூடு."

"எங்கனண்ணே?"

"கையை மேல நீட்டு. இன்னும் இடது பக்கம். அங்கனதான்."

டப்பா மூடுகிற சத்தம் கேட்டது. ட்ரேயில் இருந்ததை முடித்து, கட்டையைச் சாக்கால் மூடிவிட்டு, மிச்ச நாலையும் கழுவினேன். ஆறு ரோலும் சுத்தம். கட்டைமேல் இருந்த அந்த நாலில் மட்டும் ஓரத்தில் லேசான நிழல், யாருக்கும் தெரியாது.

சாவி என் இடுப்பிலேயே தங்கிவிட்டது. நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். பட்டேன்தான். ஆனால் சாக்கை விலக்கிவிட்டு நாங்கள் இரண்டு பேரும் அந்த வெளிச்சத்தின் முன்னால் குந்தியிருந்தபோது, எனக்கு ஒரே நினைப்புதான். கட்டை என்னுடையது, ரூம் என்னுடையது, முதலில் பார்த்தவன் அவன்.

5. அவன் படம், என் பேப்பர்

முதலாளியைக் கூப்பிட்டோம். உள்ளே வந்து இருட்டில் நின்றார். "என்னப்பா, ஒண்ணையும் காணமே" என்றார். வெளியிலிருந்து வந்த கண்ணுக்குக் கொஞ்ச நேரம் எதுவும் தெரியாது. பொறுங்கள் என்றோம். பிறகு "ஸ்தோத்திரம்!" என்று ஒரு குரல் வந்தது.

"இதை யாரப்பா கண்டுபிடிச்சது?"

"நான்தான் மொதலாளி" என்றான் அருளப்பன். பொய் இல்லை. அதனால்தான் இன்னும் எரிந்தது.

ஜீப் டிரைவரைக் கேட்டோம். அவனுக்கு அது ஆச்சரியமே இல்லை. "எஸ்டேட்டுல மழை பிடிச்சா எம்புட்டோ கெடக்கும்ணே. காட்டுப்பாதையில எங்காளுக ஒரு கட்டைத் துண்டை முதுகுல செருகிக்கிட்டு முன்னால போவாக, மத்தவுக பின்னால வருவாக" என்றான். மரம் மக்கும்போது உள்ளே ஓடுகிற ஒரு காளான்தான் அந்த வெளிச்சத்தைத் தருகிறது, அதில் சூடே கிடையாது என்று பின்னால் ஒரு காலேஜ் வாத்தியார் வந்து விளக்கினார்.

இதைப் படம் பிடித்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. முதலாளியிடம் சொல்ல வாயைத் திறந்தேன். "மொதலாளி, வேற லைட்டே இல்லாம, இது வெளிச்சத்துலயே இதைப் படம் எடுத்துக் காட்டட்டுமா?" என்று கேட்டான் அருளப்பன். என் வாய் திறந்தபடி இருந்தது.

கடை லீவு நாளில் செய்தோம். ஸ்டாண்டில் கேமராவை மாட்டி, லென்ஸைத் திறந்து வைத்துவிட்டு அவன் வெளியே வந்துவிட்டான். காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை கேமரா அந்த வெளிச்சத்தை வாங்கிக்கொண்டே இருக்கவேண்டும். யாரும் கதவைத் திறந்துவிடாமல் வாசலில் ஸ்டூல் போட்டுக் காவல் இருந்தவன் நான். அவன் சர்ச்சில் பூசைக்குப் போய்விட்டுச் சாவகாசமாக வந்தான்.

நெகட்டிவில் படம் மெல்லிசாக, மங்கலாக வந்தது. வேறு யாரும் என்றால் தூக்கி எறிந்திருப்பார்கள். கறுப்பு வெள்ளையைத் தூக்கிக் காட்டுகிற ஹார்ட் பேப்பர் எடுத்து, படத்தைப் பெரிதாக்குகிற என்லார்ஜருக்குக் கீழே உள்ளங்கையால் நிழல் காட்டிக் காட்டி, நடுவில் வெளிச்சம் விடவேண்டிய இடத்தில் விட்டு, ஓரத்து நரம்பு ஒவ்வொன்றையும் மேலே கொண்டுவந்தேன். சரியாக வருகிறவரைக்கும் பேப்பரைக் கிழித்துக் கிழித்துப் போட்டேன். கறுப்புக்குள்ளிருந்து அந்தக் கட்டை தானே எழுந்து வருகிறாற்போல் ஒரு பிரிண்ட் விழுந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அதைவிட நல்ல பிரிண்ட் நான் போட்டதில்லை.

முதலாளி அதை ஃபிரேம் போட்டு வாசல் ஷோகேசில் வைத்தார். கீழே பெயிண்டில் எழுதவும் சொன்னார்.

படம்: அருளப்பன்.

அம்புட்டுத்தான். ஜீப் ஏற வந்த எஸ்டேட் ஆட்கள், வாழைத்தார் ஏற்ற வந்த வியாபாரிகள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். "யாருப்பா அருளப்பன்?" என்று கேட்டார்கள். நான் கவுண்டரில் நின்று, "அந்தா, அவன்தான்" என்று கை காட்டினேன். கட்டை காய்ந்து வெளிச்சம் அணைந்தது, வெந்நீர் அடுப்புக்குப் போனது. என் வயிற்றில் எரிந்தது மட்டும் அணையவில்லை.

தேனி பிராஞ்ச் அருளப்பனுக்குப் போனது. அந்தப் படத்தையும் முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். திறப்பு விழாவுக்கு வீடு தேடி வந்து கூப்பிட்டான். எனக்குக் காய்ச்சல் என்றேன். என் வீட்டுக்காரி அவன் போனதும், "எந்திரிச்சுச் சாப்பிடுங்க காய்ச்சக்காரரே" என்றாள்.

6. தேனி ஷோகேஸ்

அதற்குப் பிறகு பிரிண்ட் போடுகிற பிரோமைடு பேப்பர் வாங்க மாசம் தவறாமல் தேனிக்குப் போவேன். பஸ் அவன் கடையைத் தாண்டும்போது எதிர்ப்பக்கம் பார்த்துக்கொள்வேன். எதிர்ப்பக்கம் சீட் கிடைக்காவிட்டால் கண்ணை மூடிக்கொள்வேன். வருசக்கணக்கில் அப்படிப் போனேன். அவன் கடையில் கூட்டம் என்று யாராவது சொன்னால், "தேனியில மாட்டைக் கட்டி வச்சாலும் கூட்டம் வரும்" என்பேன்.

ஒரு ஆனி மாதம், பேப்பர் கட்டோடு தேனி கடைவீதியில் நடந்து வரும்போது திடீரென்று மழை கொட்டியது. பேப்பர் நனைந்தால் போச்சு. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, யார் கடை என்று பார்க்காமல் கிடைத்த சன்ஷேடுக்குக் கீழே பாய்ந்தேன். தலையைத் துவட்டிவிட்டுத் திரும்பினால், மூக்குக்கு நேரே என் கட்டை.

அவன் ஷோகேஸ். கல்யாண ஜோடிகளுக்கு நடுவே, அதே ஃபிரேமில், கறுப்புக்குள்ளிருந்து எழுந்து வருகிற அந்த வெளிச்சம். கீழே பெயிண்ட் எழுத்து.

படம்: அருளப்பன். பிரிண்ட்: கோம்பை கூடலிங்கம்.

இரண்டு பெயரும் ஒரே அளவு எழுத்து. கண்ணாடிமேல் கட்டைவிரலை வைத்து அளந்து பார்த்தேன். இரண்டும் ஒரே மாதிரி வெயிலில் வெளிறி, அங்கங்கே உதிர்ந்திருந்தன. நேற்று எழுதினது இல்லை.

உள்ளேயிருந்து ஓடி வந்தான். முன்தலையில் முடி போயிருந்தது. "அண்ணே! உள்ள வாங்கண்ணே, நனையிறீக. இம்புட்டு வருசமா ஒரு நாளாச்சும் எட்டிப் பாக்கலையே?"

"இது எப்ப எழுதுனது?" என்றேன்.

"கடை திறந்த அன்னைக்குண்ணே. உங்களுக்குக் காட்டத்தான வீடு வரைக்கும் வந்தேன். உங்களுக்குக் காய்ச்சலாப் போச்சு."

மழை விடுகிறவரை அவன் கடையில் உட்கார்ந்து டீ குடித்தேன்.

போட்டோத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் யோசனை கேட்டால் ஒன்றுதான் சொல்வேன். இருட்டில் கை வேலை செய்யட்டும், கண்ணை மட்டும் மூடாதே. நான் டார்க் ரூமிலும் மூடினேன், பஸ்ஸிலும் மூடினேன். இரண்டிலும் நஷ்டம் எனக்குத்தான்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்பீர்கள். எங்கே போகும்? கம்பத்துக்குத் திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த ஷோகேஸைக் கண்ணை விரித்துப் பார்த்தேன். என் பெயரை எழுதவேண்டும் என்று எனக்கல்லவா முதலில் தோன்றியிருக்க வேண்டும், வாய் திறந்து கேட்டிருக்க வேண்டும்! இதிலும் முந்திக்கொண்டானே, படுபாவி.